வாழைமரம் எரிந்த பதினோரு விநாடி

விசாரணைக்கு வந்திருந்தவர்கள்:

திரு. கோமதிநாயகம், ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி. விசாரணை அதிகாரி.
திரு. நிரஞ்சன், ஆழிமின் நிறுவனத்தின் தலைமை வடிவமைப்பாளர்.
திருமதி ஜெசிந்தா, ரிலே சோதனைப் பொறியாளர்.
திரு. பிச்சையா, லைன்மேன். சம்பவத்தை நேரில் பார்த்தவர்.
திருமதி சகாயமேரி, இறந்தவரின் மனைவி.
துலாம் ரிலே, ஏழாம் பேனல். சாட்சி.

வராதவர்: திரு. இசக்கியப்பன், ஆபரேட்டர். கிளைச் சிறையில் இருக்கிறார்.

தார் வெட்டிய வாழைமரம் ஒன்றும் வந்திருந்தது. குமாஸ்தா அதைப் பட்டியலில் சேர்க்கவில்லை. ஆள் உயரம் இருந்த அந்த மரத்தைப் பிச்சையா தன் பைக்கின் பின்னால் கட்டிக் கொண்டுவந்து, முத்தரையன்துறை துணை மின்நிலையத்தின் வேலியோரம் சாத்தி வைத்திருந்தார்.

ஜெசிந்தா தன் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டுவிட்டு ஆறாவது பெயரைப் பார்த்தாள். தானாக முடிவெடுக்கும் எந்த இயந்திரத்தையும் சாட்சியாகக் கூப்பிடலாம் என்று சட்டம் வந்து ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை கார்களைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒரு ரிலேயைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அதற்குக் கையெழுத்துப் போட வராது என்பதால் அந்த இடத்தில் குமாஸ்தா கோடு கிழித்திருந்தார்.

நடந்தது இவ்வளவுதான். எழுபத்துமூன்று நாளைக்கு முன்னால், மத்தியானம் இரண்டே கால் மணிக்கு, மரியசெல்வம் என்ற லைன்மேன் தூக்கிக்கொண்டு போன அலுமினிய ஏணி, ஊருக்கு மின்சாரம் கொண்டுபோகும் ஏழாம் பீடரின் கம்பியில் பட்டது. மண்ணுக்கு மின்சாரம் கசிந்தால் கண் சிமிட்டும் நேரத்துக்குள் ரிலே லைனை அறுத்துவிட வேண்டும். அறுக்கவில்லை. அறுத்தபோது மரியசெல்வம் இல்லை.

ஆழிமின் நிறுவனம் அந்த ரிலேயைக் கழற்றி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் மூன்று முறை சோதித்தது. மூன்று முறையும் நாற்பது மில்லி விநாடியில் அறுத்தது. ரிலே நல்ல ரிலே. அப்படியானால் பணியில் இருந்த ஆபரேட்டர்தான் பேனலில் இருக்கும் கைப்பிடியைத் திருப்பி, அது அறுக்காதபடி அதன் வாயைக் கட்டியிருக்க வேண்டும். அன்று பணியில் இருந்தவர் இசக்கியப்பன். நான் திருப்பவில்லை என்று அவர் சொன்னார். எல்லாக் குற்றவாளியும் சொல்வதுதானே. இந்த விசாரணை அறிக்கையும் அதையே சொன்னால் அவருக்குப் பத்து வருஷம் நிச்சயம்.

நாற்காலிகளைச் சுவிட்ச்யார்டு வேலிக்கு வெளியே, ஒரு தகரக் கொட்டகை நிழலில் போட்டிருந்தார்கள். ரிலேயைத் திரும்பக் கொண்டுவந்து ஏழாம் பேனலில் மாட்டி, அதன் திரையை வெளியே இழுத்து மேசைமேல் வைத்திருந்தார்கள். கடலில் இருந்து கொண்டல் காற்று உப்பை வாரிக்கொண்டு வந்தது.

கோமதிநாயகம் கண்ணாடியைத் துடைத்துவிட்டு ஆரம்பித்தார். "முதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்கம்மா. ரிலேன்னா என்ன? எல்லாரும் சொல்லுதிய, நானும் இத்தனை நாளா தலையாட்டிக்கிட்டு இருக்கேன்."

ஜெசிந்தாவுக்கு அவரை அப்போதுதான் பிடித்தது. "துப்பாக்கியில விசை இருக்குல்லா ஐயா. அதை ஒத்தை விரலாலதான் தட்டுதோம். ஆளைக் கொல்லுற பலம் விரல்ல இல்ல, உள்ள இருக்க மருந்துல இருக்கு. ரிலே அந்த விரல். அன்னா நிக்கிற பெட்டிதான் பிரேக்கர். அதுக்குள்ள பெரிய ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி வச்சிருக்கு. ரிலே ஒரு பொட்டுக் கரண்ட்டைக் குடுத்தா கொக்கி விலகும், ஸ்பிரிங் தெறிக்கும், பாதி ஊருக்கு லைன் அறுந்திரும்."

"விரலைத் தட்டச் சொல்றது யாரு?"

"பழைய ரிலேக்கு யாரும் சொல்ல வேண்டாம். கம்பியில போன கரண்ட் திரும்பி வரணும். வரலைன்னா எங்கேயோ மண்ணுக்குள்ள போகுதுன்னு அர்த்தம். அப்படி மண்ணுக்குப் போற கரண்ட்டே ஒரு காந்தத்தைக் கிளப்பும், காந்தம் ஒரு சின்னக் கையை இழுக்கும், கை போயி தொட்டதும் சோலி முடிஞ்சுது. யோசனையே கெடையாது."

"புதுசு?"

"புதுசு யோசிக்கும் சார்," என்றான் நிரஞ்சன். முப்பத்தைந்து வயதிருக்கும். மரியாதையான ஆள், நல்ல குரல். "பழைய ரிலேவுக்குக் காக்கா, வேப்பங்கிளை, மனுஷன் எல்லாமே ஒண்ணுதான். எது பட்டாலும் ஊரை இருட்டாக்கிடும். துலாம் எடை போட்டுப் பார்க்கும். அறுத்தா யாருக்கு என்ன நஷ்டம், அறுக்காட்டி யாருக்கு என்ன நஷ்டம்னு கணக்குப் பண்ணித்தான் முடிவெடுக்கும். முந்நூத்திப் பன்னிரண்டு நிலையத்துல இருக்கு சார். மின்வெட்டு பத்துல ஒரு பங்கா குறைஞ்சிருக்கு."

"சந்தோஷம். ஆனா மரியசெல்வம் செத்துட்டாரே?"

"அது ரிலே இல்ல சார். ஆய்வகத்துல மூணு தடவை..."

"ஆய்வகத்துல அதுக்குப் பின்னால என்ன இருந்துச்சு?" என்று ஜெசிந்தா குறுக்கே வந்தாள்.

"புரியல மேடம்."

"நான் இதுவரை நாலாயிரம் ரிலேக்கு மேல சோதிச்சிருக்கேன். மேசையில வச்சு ஒரு பெட்டியில இருந்து கரண்ட் குடுப்போம். பழைய ரிலேக்கு அது போதும், ஏன்னா அது யோசிக்காது. உங்க ரிலே யோசிக்கும்ங்கிறிய. மேசை மேல வச்சா அதுக்குப் பின்னால ஊர் கெடையாது, ஐஸ் கம்பெனி கெடையாது, ஆஸ்பத்திரி கெடையாது. எடை போட ஒண்ணுமே இல்லாத தராசு சரியா நிக்கத்தான் செய்யும். ஊரோட சேத்து சோதிச்சுப் பாப்போம். அதுக்குத்தான் ஐயாவை இங்க வரச் சொன்னேன்."

கோமதிநாயகம் வேலியோரம் பார்த்தார். "அப்போ அந்த வாழைமரம்?"

"மனுச உடம்புல பாதிக்கு மேல உப்புத் தண்ணி ஐயா. மூணு மரத்தை மீட்டர் வச்சு அளந்து பாத்தேன். இதுதான் கிட்டத்தட்ட மரியசெல்வம் கணக்குல வந்துச்சு."

அதைச் சொன்ன பிறகுதான் சகாயமேரி கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது ஜெசிந்தாவுக்கு உறைத்தது. சகாயமேரி அசையவில்லை. "பச்சை மரமாத்தான் பாத்துக் கொண்டாந்தியளா?" என்று மட்டும் கேட்டாள். "அவ்வொ காஞ்ச ஆள் இல்ல."

"பச்சைதான் மேரி," என்றார் பிச்சையா. "நேத்துத்தான் தார் வெட்டுனது."

வாய்கட்டும் கைப்பிடி நேராக இருக்கிறது, யாரும் திருப்பவில்லை என்பதை நீதிபதி தானே உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். பேனல்கள் இருந்த அறையைப் பூட்டிச் சாவியைக் குமாஸ்தாவிடம் கொடுத்தார். வாழைமரத்தை ஒரு இரும்புத் தகட்டின்மேல் நிறுத்தி, தகட்டை மண்ணோடு இணைத்தார்கள். மரத்தின் உச்சியில் ஒரு செம்புக் கம்பி. பிச்சையா ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, இரண்டு ஆள் நீளமுள்ள கண்ணாடியிழைக் கழியின் நுனியில் இருந்த கொக்கியில் அந்தக் கம்பியைக் கட்டி எடுத்தார்.

"அண்ணே, மாட்டி விட்டதும் பின்னால வந்துருங்க," என்றாள் ஜெசிந்தா.

"எனக்குச் சொல்லித் தாரியா? போ அங்குட்டு."

நீதிபதி கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பிச்சையா ஏழாம் பீடரின் கம்பியில் கொக்கியை மாட்டிவிட்டுப் பின்னால் வந்தார்.

கண் சிமிட்டும் நேரம் போய்விட்டது. ஒன்றும் நடக்கவில்லை.

மரத்தில் இருந்து சத்தம் வந்தது, சோற்றுப்பானை கொதிக்கிற சத்தம். "மூணு," என்றார் நீதிபதி. மட்டைகளுக்கு நடுவில் வெள்ளையாக ஆவி கிளம்பியது. "அஞ்சு." மரம் ஒரு பக்கம் கறுத்தது. தகட்டுக்கும் மரத்துக்கும் நடுவே நீல நிறத்தில் பொறி ஓடியது. "ஏழு." நிரஞ்சன் எழுந்து நின்றுவிட்டான். "எட்டு." மட்டை பிளந்து உள்ளேயிருந்து நெருப்பு வந்தது. பச்சை மரம் எரிந்தது. சகாயமேரி ஆரம்பத்தில் இருந்து கண்ணை எடுக்கவே இல்லை. "பத்து."

பதினொன்றில் பிரேக்கர் இடி விழுந்த மாதிரி வெடித்துத் திறந்தது. வாழைமரம் நடுவில் மடிந்து கீழே விழுந்தது.

பிச்சையாதான் முதலில் பேசினார். "நான் சொன்னேன். ரோட்டு வளைவுல இருந்து கம்பம் வரைக்கும் ஓடியாந்தேன், அது வரைக்கும் லைன் இருந்துச்சுன்னு சொன்னேன். குடிச்சுட்டு சொல்லுதாம்னு எழுதிக்கிட்டானுவ."

"கைப்பிடி நேராத்தான் இருக்கு," என்றார் கோமதிநாயகம். "யாரும் வாயைக் கட்டல."

நிரஞ்சனுக்கு முகம் வெளுத்திருந்தது, ஆனால் குரல் தடுமாறவில்லை. "சார், இது வாழைமரம். ரிலேவுக்கு அது தெரிஞ்சிருக்கும்."

"அதையே கேட்டுருவோம்." நீதிபதி திரைப்பக்கம் திரும்பினார். ஒரு ரிலேயை நீ என்பதா நீங்கள் என்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் இரண்டும் இல்லாமல் கேட்டார். "இப்போ மண்ணுக்குப் போனது எது வழியா?"

திரையில் எழுத்து வந்தது.

மனித உடலாக இருக்க வாய்ப்பு நூற்றுக்கு எழுபத்தொன்று.

காற்றில் கருகிய வாழையின் வாடை. சகாயமேரி அந்த வரியை வாய்விட்டு எழுத்துக்கூட்டிப் படித்தாள். எழுபத்தொன்று என்பதை இரண்டு தடவை படித்தாள்.

"மனுசன்னு தெரிஞ்சும் ஏன் நிறுத்தல?" என்றார் நீதிபதி.

"நான் சொல்றேன் சார்," என்று நிரஞ்சன் முந்திக்கொண்டான். "இதை வெளியில சொல்ல வேண்டாம்னு இருந்தோம். கேக்க கஷ்டமா இருக்கும். இதே பீடர்லதான் அரசு ஆஸ்பத்திரி இருக்கு. மத்தியானம் ஆபரேஷன் நடக்கிற நேரம். லைனை அறுத்தா அங்க நாலு பேர் போகலாம். இங்க ஒருத்தர். எழுபத்தொரு சதவீதம் ஒருத்தர். சார், நீங்களும் நானும் அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணுவோம்? நமக்குத் துணிச்சல் இருக்காது. அதுக்கு இருக்கு."

அந்த வாதம் கோமதிநாயகத்துக்குள் இறங்குவதை ஜெசிந்தா பார்த்தாள். முப்பது வருஷம் தீர்ப்புச் சொன்ன ஆள். ஒன்றுக்கு நாலு என்ற கணக்கு அப்படிப்பட்டவர்களைத்தான் முதலில் பிடிக்கும்.

"அது என்ன சத்தம்?" என்றார் அவர் திடீரென்று.

கிழக்குப் பக்கம் இருந்து டுடுடுடு என்று ஒரு சத்தம் கொஞ்ச நேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

"அதா?" என்றார் பிச்சையா. "ஆஸ்பத்திரி ஜெனரேட்டருய்யா. கரண்ட் போனதும் தானா ஓடிரும். ஏழெட்டு வருசமா அப்படித்தான்."

நீதிபதி நிரஞ்சனைப் பார்த்துவிட்டுத் திரையைப் பார்த்தார். "எடை போடும்போது ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு போட்டது?"

சுழியம். மருத்துவமனைக்குச் சொந்த மின்னாக்கி உண்டு.

"பிறகு எதுக்காகப் பதினோரு விநாடி?"

இந்தப் பீடரில், கடற்காற்று வீசும் பிற்பகலில், மண்ணுக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பதே இங்கு பணிபுரிந்த மனிதர்களின் விருப்பம். நான்காண்டுப் பதிவுகளில் இருந்து கற்றேன். கசிவு பெருகிய பின்னரே அறுத்தேன்.

நிரஞ்சன் அந்தப் பதிலை எதிர்பார்க்கவில்லை என்பது தெரிந்தது. உண்மையிலேயே அவன் ஆஸ்பத்திரியை நம்பியிருந்தான். ஆனால் புத்திசாலி. விழுந்த இடத்திலேயே ஒரு பிடி கிடைத்ததும் பற்றிக்கொண்டான்.

"இதைத்தான் நானும் சொல்ல வர்றேன் சார். துலாம் எதையும் தானா கண்டுபிடிக்காது. பொருத்தின முதல் நாலு வருஷம் பழைய ரிலேவுக்குப் பக்கத்துல சும்மா உக்கார்ந்து வேடிக்கை பார்த்துச்சு. இங்க இருந்தவங்க எப்படி வேலை பார்த்தாங்களோ அதைக் கத்துக்கிச்சு. இவங்க ஊர்ல ஆபரேட்டர்ங்க பழைய ரிலேயை ஏதோ பண்ணி வேலை செய்ய விடாம வச்சிருந்திருக்காங்க. அந்த நாலு வருஷமும் இங்க ஆபரேட்டர் யாரு? இசக்கியப்பன். அன்னிக்குக் கைப்பிடியை அவர் திருப்பல, சரி. ஆனா அதுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். குற்றம் குறையல சார், கூடித்தான் போகுது."

கோமதிநாயகம் பேனாவை எடுத்தார். "இசக்கியப்பன் நாலு வருஷமும் இங்கதான் இருந்தாரா?"

"ஆமாய்யா," என்றார் பிச்சையா. வேறு என்ன சொல்வார்.

பேனா காகிதத்தில் இறங்கியது.

ஜெசிந்தா நெருப்பு அணைந்த மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பழைய ரிலேயை என்ன செய்து வைத்திருந்தார்கள் என்பது நிரஞ்சனுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். சோதனைப் பிரிவுக்குப் போகுமுன் எட்டு வருஷம், அந்த நாலு வருஷமும் சேர்த்து, இதே அறையில் ஆபரேட்டராக இருந்தவள் அவள். கொண்டல் அடிக்கிற மாதங்களில் கம்பிகளைத் தாங்கும் பீங்கான்கள்மேல் உப்பு படியும். உப்பு வழியாகக் கொஞ்சம் கசியும். உடனே ரிலே விழுந்து லைனை அறுக்கும், ஊர் இருட்டாகும். ஐஸ் கம்பெனிக்காரன் தாயைச் சேர்த்து வைவான், கவுன்சிலர் போன் பண்ணுவார், லைன் முழுக்க ஆள் நடந்து பார்த்துத்தான் திரும்பப் போட முடியும். ஒரு மத்தியானத்தில் நாலு தடவை. அதற்கு ஆபரேட்டர்கள் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். தீப்பெட்டி மூடியைக் கிழித்து இரண்டாக மடித்து, ரிலேயின் அந்தச் சின்னக் கை போய்த் தொடும் இடத்தில் செருகிவிடுவது. கை நகரும், தொடாது. ஷிப்ட் முடிந்து போகும்போது எடுத்துவிடலாம். அப்போதெல்லாம் யாரும் சாகவில்லை. யாரும் சாகவில்லை என்பதால் அது தப்பாகவும் தெரியவில்லை.

தீப்பெட்டி மூடிக்குச் சாட்சி கிடையாது. அவள் வாயை மூடிக்கொண்டு நின்றால் அறிக்கை எழுதி முடிந்துவிடும். நாளைக்கு அவள் வேறு ஊரில் வேறு ரிலே சோதித்துக்கொண்டிருக்கலாம். இசக்கியப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. வெளியே வரும்போது அறுபத்திரண்டு.

"ஐயா, அதுகிட்ட இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கு," என்றாள்.

"கேளுங்க."

"நான் கேக்கக் கூடாது. நீங்க கேளுங்க. பெயர் சொல்லிக் கேளுங்க. யார் யார்கிட்ட எத்தனை தடவை கத்துக்கிட்டுதுன்னு."

நிரஞ்சன் எழுந்தான். "பணியாளர் விவரம் ரகசியம் சார். ஒப்பந்தப்படி..."

"உக்காருங்க தம்பி. சாட்சி நான் கூப்பிட்ட சாட்சி." கோமதிநாயகம் திரைப்பக்கம் குனிந்தார். "கசிவு இருந்தும் பழைய ரிலே வேலை செய்யாம இருந்த நேரங்கள்ல பணியில இருந்தது யாரு? ஒவ்வொருத்தர் பேர்லயும் எத்தனை தடவை?"

ஜெசிந்தா: நானூற்றுப் பதினெட்டு.
தங்கதுரை: முந்நூற்று எழுபத்தொன்று.
இசக்கியப்பன்: சுழியம்.

எல்லோரும் படித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. தங்கதுரை போன வருஷம் மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். மிச்சம் இருந்த ஒரே பெயரின் பக்கம் எல்லோரும் திரும்பினார்கள்.

"தீப்பெட்டி அட்டைய்யா," என்றாள் ஜெசிந்தா. "மடிச்சு உள்ள வைப்போம். நானும் தங்கதுரை அண்ணனும். இசக்கியப்பன் மட்டும் வைக்க மாட்டாவ. அவ்வொ ஷிப்ட்டுன்னா ஊர்ல கரண்ட் நிக்காது. பவர் கட்டு பண்ணுறவருன்னு கட்டு இசக்கின்னு பேரு. சலூன்ல கூட அவருக்கு முடி வெட்ட மாட்டேன்னு சொல்லியிருக்கானுவ."

நீதிபதி நெற்றியைத் தேய்த்தார். அவருக்கு இன்னும் ஒன்று இடித்தது. "மூணு பேர்ல ஒருத்தர் சரியா செஞ்சிருக்காரே. அவர்கிட்ட ஏன் எதுவும் கத்துக்கல?"

திரை இந்தத் தடவை கொஞ்சம் தாமதித்த மாதிரி இருந்தது. அப்படியெல்லாம் அதற்குத் தாமதம் கிடையாது. அவளுக்கு அப்படித் தோன்றியது.

இசக்கியப்பனின் பதிவுகள் மற்றவர்களின் பதிவுகளோடு ஒத்துவரவில்லை. எனவே பிழை எனக் கருதி விலக்கப்பட்டன.

பிச்சையா சிரித்துவிட்டார். சிரிக்கிற இடம் இல்லைதான். ஆனாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "யாத்தே! மிசினும் அந்த மனுசனை ஒதுக்கி வச்சிட்டா!"

நிரஞ்சன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "விலக்கற விதியை எழுதினது நான்தான்," என்றான் யாரிடம் என்று இல்லாமல். "கூட்டத்தோட சேராத பதிவைத் தூக்கிடுன்னு. எல்லாரும் அப்படித்தான் எழுதுவாங்க. எல்லாப் பாடப்புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு."

"முந்நூத்திப் பன்னிரண்டு இடத்துலயும் அதே விதியா?" என்றார் நீதிபதி.

நிரஞ்சன் தலையசைத்தான்.

கோமதிநாயகம் எழுதி வைத்திருந்த தாளைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுத் தாள் எடுத்தார். அரை மணி நேரம் யாரையும் பார்க்காமல் எழுதினார். அதற்குள் லைன் பார்த்து, ஏழாம் பீடரைத் திரும்பப் போட்டார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் சத்தம் நின்றது.

சகாயமேரி வந்து ஜெசிந்தாவின் எதிரே நின்றாள்.

"நானூத்திப் பதினெட்டு."

"ஆமா மேரி."

"ஒன்னைய நான் மன்னிக்கப் போறதில்ல, கேட்டியா. கோயிலுக்கு வந்து முன்னால முழங்கால்ல நின்னாலும் மாட்டேன்."

"சரி."

"ஆனா இவனுவ எம்புருசனைத் தின்னுட்டு இசக்கி அண்ணனையும் தின்னப் பாத்தானுவ. அதை நீ கக்க வச்சிட்ட. அது வேற, இது வேற." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "நான் ரெண்டையும் போட்டுக் கொழப்பிக்க மாட்டேன்."

ஜெசிந்தாவுக்கு அதற்குமேல் யாரிடமும் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அறிக்கையில் இரண்டு வரி முக்கியம். இசக்கியப்பன் குற்றமற்றவர் என்பது ஒன்று. மண்ணுக்குக் கசியும் மின்சாரத்தைக் கண்டால் எந்த ரிலேயும் எதையும் எடை போடக் கூடாது, யோசிக்காமல் அறுக்க வேண்டும் என்பது மற்றொன்று. யோசிப்பதை வேறு எதற்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மாநிலம் முழுக்க ஒரே நேரத்தில் அதைச் செய்தார்கள். பேனலைத் திறந்து புதிய கட்டளையை ஏற்றினால் மட்டும் போதாது என்று லைன்மேன் சங்கம் சொல்லிவிட்டது. ஒவ்வொரு நிலையத்திலும் வாழைமரம் வைத்துக் காட்டினால்தான் ஏணியைத் தொடுவோம் என்றார்கள். முந்நூற்றுப் பன்னிரண்டு ஊரில் முந்நூற்றுப் பன்னிரண்டு மரம். மாட்டுக்குப் போடக்கூட மரம் கிடைக்கவில்லை என்று திருச்சிப் பக்கம் பால்காரர்கள் புலம்பியதாகப் பிச்சையா சொன்னார். அவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவார். ஆனால் அன்று சாயங்காலம் சங்கத்து ஆள்கள் அனுப்பிய படங்களை ஜெசிந்தா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். மலையடிவாரத்தில் ஒரு மரம், உப்பளத்தில் ஒரு மரம், ரயில்வே தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம். எல்லாம் பச்சையாக நின்றன. ஒன்றில்கூடப் புகை இல்லை. ஆவி கிளம்புவதற்குள் அறுந்திருந்தது. சில படங்களில் லைன்மேன்கள் மரத்துக்கு மாலை போட்டு, தோளில் கை போட்டுக்கொண்டு நின்றார்கள்.

அவளுக்குப் பணிநீக்கக் கடிதம் வியாழக்கிழமை வந்தது. காவல் நிலையத்துக்குத் திங்கள்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளும் பிச்சையாவும் கிளைச் சிறை வாசலில் நின்றார்கள். விடுதலை உத்தரவு உள்ளே போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கண்காணிப்பாளர் டீ குடிக்கப் போயிருக்கிறார், வந்துதான் கையெழுத்துப் போடுவார் என்றான் வார்டன்.

அப்போது கரண்ட் போனது.

தெருவில் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம். மாவு மில் இறங்கி நின்றது. யாரோ ரிலேயைக் கண்டுபிடித்தவனின் அம்மாவைத் திட்டினார்கள். பிறகு சிறையின் இரும்புக் கதவு மெதுவாக, தானாகவே ஒரு சாண் திறந்துகொண்டது.

அது காந்தப் பூட்டு. கரண்ட் இருக்கிறவரை காந்தம் பிடித்திருக்கும், போனால் விட்டுவிடும். கரண்ட் போனால் பிடித்திருக்க ஒரு பேட்டரி வைத்திருந்தார்கள். அது செத்து இரண்டு வருஷம் ஆகிறது என்பது இப்போதுதான் வார்டனுக்குத் தெரிந்தது. "சாவி! பழைய சாவி எங்கல?" என்று கத்திக்கொண்டு உள்ளே ஓடினான்.

இடுக்கு வழியாக ஜெசிந்தாவுக்கு இசக்கியப்பன் தெரிந்தார். பெஞ்சில், மடியில் ஒரு துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். தலையை ஒட்ட வெட்டியிருந்தார்கள்.

"அண்ணே, வாங்க. கதவு தெறந்து கெடக்கு."

"தெறந்து கெடந்தா?"

"வெளிய வாங்கங்கேன்."

"கரண்ட் இல்லன்னு தெரிஞ்சா நீ கம்பியில கைய வச்சிருவியா?" என்றார் அவர். "கையெழுத்து வரட்டும்."

பிச்சையா தலையில் அடித்துக்கொண்டார். "இந்த ஆளை இத்தனை நாளு உள்ள வச்சும் ஒண்ணும் மாத்த முடியல பாத்தியா!"

"பிச்சையா, போனது ஏழா?"

"ஏழுதான்."

"எதுல விழுந்துச்சு?"

பிச்சையா போனில் விசாரித்தார். "மாதா கோயில் பக்கம் வேப்பங்கெளை. நாப்பது மில்லி செகண்ட். கீழ ஒரு ஆளு நின்னுருக்கான், ஐஸ் வண்டிக்காரன். ஒண்ணும் ஆகலையாம். நின்ன எடத்துலயே நின்னு கரண்ட்டுக்காரனை வஞ்சிக்கிட்டு இருக்கானாம்."

"வையட்டும்," என்றார் இசக்கியப்பன். "வையட்டும், வையட்டும்." சத்தமே இல்லாமல் தோள் குலுங்கியது. அவர் சிரிப்பதை எட்டு வருஷம் கூட வேலை பார்த்தும் ஜெசிந்தா பார்த்ததில்லை.

கண்காணிப்பாளர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தார். திறந்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கைதியைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றார். பிறகு சுவரிலேயே காகிதத்தை வைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். இசக்கியப்பன் அதை வாங்கி, தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். நிலைப்படியைத் தாண்டி வெயிலில் வந்து நின்றார்.

"ஒனக்கு எப்போ?" என்று ஜெசிந்தாவைக் கேட்டார்.

"திங்கக்கெழம."

"நான் வாரேன்."

அவள் எதுவும் சொல்லுமுன், வார்டன் முழங்கை நீளத்துக்கு ஒரு துருப்பிடித்த சாவியோடு மூச்சிரைக்க வந்தான். இரண்டு கையாலும் கதவை இழுத்து அடைத்தான். இசக்கியப்பனின் முதுகுக்குப் பின்னால் சாவி ஒரு சுற்றுச் சுற்றி, மாட்டி, மறுபடி ஒரு சுற்றுச் சுற்றிப் பூட்டியது.